களத்துமேட்டுக்காரன் வயலைப் படமெடுத்த கதை

"கம்ப்யூட்டர்ல வர்ற பத்திரிகையைப் படிக்க எதுக்குடி பிளேன் ஏறணும்? இங்கேயே உக்காந்து படி" என்றாள் அம்மா. கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

இணைய இதழ்களும் செய்தித் தளங்களும் தங்கள் வாசகரை யார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகின்றன, அந்த வாசகர் தன்னை யார் என்று நினைத்துக்கொண்டு படிக்கிறார் என்பதுதான் என் ஆய்வு. ஒரு வருடமாக 'வரப்போரம்' என்ற தளத்தை வரி விடாமல் படித்துவந்தேன். நன்னிலத்துப் பக்கத்திலிருந்து வருகிற சின்ன இணைய இதழ். அதில் வாராவாரம் 'களத்துமேட்டுக்காரன்' என்ற புனைபெயரில் ஒருவர் நெல்லையும் நீரையும் பற்றி எழுதுவார். படித்தால் நம் காலிலேயே சேறு ஒட்டும். வயலுக்குள் செல்போன் டவர் நடுவதைக் கண்டித்து அவர் எழுதிய 'இரும்பை நட்டால் சோறு விளையுமா?' என்ற கட்டுரைதான் அந்தத் தளத்திலேயே அதிகம் பேர் படித்தது. என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. தலைப்பு: 'மண்ணை விட்டு அகலாத குரல்'.

"எல்லாம் சரி, நீ ஒரு வாசகரையாவது, ஒரு எழுத்தாளரையாவது கண்ணால் பார்த்ததுண்டா?" என்று பேராசிரியர் கேட்டார். இல்லை. அதனால் கிளம்பினேன்.

முதல் நாளே நன்னிலத்துக்குப் போகிற பஸ் படுத்துக்கொண்டது. ஐப்பசி மழை ஒரு நாள் லீவு போட்டிருந்தது. கிடைத்தது வெயில் என்று ஊர் முழுக்க நனைந்த குறுவை நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். ரோட்டில் பாதி நெல், மீதிப் பாதியில் வைக்கோல். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்: "நெல்லு மேல டயரு பட்டுச்சு, நாளைக்கு இந்தப் பக்கம் வண்டி வராது, சொல்லிட்டேன்!"

டிரைவர் பயந்துபோய் வைக்கோல் பக்கம் ஒதுக்கினார். வைக்கோல் கயிறு கயிறாக அச்சில் சுற்றிக்கொண்டு, பஸ் முனகி நின்றது. டிரைவர் அடியில் படுத்து உருவ, அந்தப் பெண் மேலே நின்று, "பாத்து உருவுங்க, அறுத்துடாதீங்க, மாட்டுக்கு ஆகும்" என்றாள். உருவியதை ஒரு கட்டாகக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டாள். கிள்ளானில் இப்படி ஒரு பஸ் நின்றிருந்தால் அத்தனை பேரும் புகார் எண்ணைத் தேடியிருப்பார்கள். இங்கே ஒருவர் வேர்க்கடலை வாங்கி வந்து பஸ் முழுக்கக் கொடுத்தார். எனக்கும் ஒரு கை கிடைத்தது.

கடலை கொடுத்தவர் சும்மா கொடுக்கவில்லை. "எந்த ஊரும்மா?"

"மலேசியா. கிள்ளான்."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் கிள்ளான்தாங்க."

"அதுக்கும் முன்னாடி?" என்று விடாமல் கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் கேட்டு வைக்கவில்லை. அவர் பின்சீட்டுக்காரரைக் கூப்பிட்டு என் முகத்தைக் காட்டினார். இருவரும் கலந்து பேசி, மூக்கை வைத்துப் பார்த்தால் பாபநாசம் என்று முடிவு செய்தார்கள். கண்டக்டர் மட்டும் தாராசுரம் என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டுமே! எனக்கு வந்த கோபத்துக்குக் கடலையைத் திருப்பிக் கொடுத்திருப்பேன், அதற்குள் தின்றுவிட்டிருந்தேன்.

'வரப்போரம்' ஆசிரியர் ஜபருல்லா பாய் சிங்கப்பூரில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். சம்பாதிக்கக் கடல் கடந்தவர்களை இங்கே சபராளி என்கிறார்கள். அவர் ஓய்வுபெற்ற சபராளி. அவருடைய தலைமை அலுவலகம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. விமான டிக்கெட்டும் அங்கேதான், பாஸ்போர்ட் போட்டோவும் அங்கேதான், என் மூன்றாம் அத்தியாயமும் அங்கேதான்.

"வாங்க மேடம், வாங்க. நம்ம வாசகர் வட்டத்தைப் பாருங்க" என்று கம்ப்யூட்டரில் ஒரு உலகப் படத்தைக் காட்டினார். வாசகர் இருக்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. துபாய், தோஹா, சிங்கப்பூர், லண்டன் எல்லாம் அம்மை போட்டமாதிரி இருந்தது. நன்னிலத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துடைத்து வைத்தமாதிரி சுத்தமாக இருந்தது.

"உள்ளூர்ல யாருமே படிக்கலையா பாய்?"

"படிக்காம என்ன மேடம்? அந்தப் பக்கம் பாருங்க." கடையின் பக்கச் சுவரில் அன்றைய இணைய இதழை அச்செடுத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார். சைக்கிளில் வந்தவர்கள் ஒரு காலை ஊன்றி நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முழுதும் படித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "பாய், ரெண்டாவது பத்தி சரியில்ல, எழுதிக்குங்க" என்றார். ஜபருல்லா பாய் அதை அப்படியே தட்டிக் கருத்துப் பகுதியில் ஏற்றினார். நான் கிள்ளானில் உட்கார்ந்து 'வாசகரின் தன்னிச்சையான எதிர்வினை' என்று எழுதியதெல்லாம் இவர் கையால் அடித்தது.

அப்போது கடைக்குள் டிக்கெட் விசாரிக்க வந்து நின்றிருந்த ஒரு பெரியவருக்குப் போன் வந்தது. "அப்படியா? தொறந்துட்டாங்களா?" என்று கேட்டவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஷார்ஜாவிலிருந்து மகன். ஊர் வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். அந்த வாய்க்கால் கடைக்குப் பின்னால்தான் ஓடுகிறது. நாங்கள் பேசும்போதே சலசலவென்று கேட்டது.

"காலைல நான்தான் சைட்டுல போட்டேன். இவரு வந்ததும் நேராவும் சொன்னேன், நம்பல. மவன் சொன்னாத்தான் நம்புவாரு" என்றார் பாய்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டம்மா இறால் வாடா சுட்டுப் போட்டார். நடுவில் இறாலை வைத்து எண்ணெயில் பொரித்த அரிசிமாவு வடை. எங்கள் ஊரில் இறாலை இவ்வளவு மரியாதையாக யாரும் உட்காரவைப்பதில்லை. கணக்கில்லாமல் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்குக் களத்துமேட்டுக்காரரைப் பாத்துடலாமா பாய்?" என்று கேட்டேன்.

பாய்க்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். வீட்டம்மாவைப் பார்த்தார். "சொல்லிடுங்களேன், அவங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்றார் அந்த அம்மா.

"ராஜேந்திரன்னு பேரு மேடம். தங்கமான மனுசன். கத்தார்ல இருக்காரு."

"எப்ப போனாரு?"

"அது ஆச்சு, ஏழெட்டு வருசம். தண்ணி லாரி ஓட்டறாரு. ரோட்டோரமா வச்சிருக்கிற பேரீச்ச மரத்துக்குத் தண்ணி ஊத்தற வேலை."

மண்ணை விட்டு அகலாத குரல்! நான் இன்னொரு வாடாவை எடுத்துக்கொண்டேன். அழுவதைவிட அது மேல்.

ஆனால் பாய் என்னைத் தேற்றினார். ஆள்தான் அங்கே, வயல் இங்கேதான் இருக்கிறதாம். மனைவி கலாவதி பார்த்துக்கொள்கிறாராம். அவர் போனில் சொல்லச் சொல்ல இவர் அங்கே எழுதுவாராம். வெளியூர் வாசகர்கள் எல்லாம் அந்த வயலைப் பார்க்கவேண்டும் என்று துடிக்கிறார்கள், ஆண்டுவிழா இதழின் முகப்பில் படம் போடப்போவதாக அறிவித்தும் ஆயிற்று. "அந்தப் பொண்ணுகிட்ட மாசக்கணக்கா போட்டோ கேக்கறோம், ராஜேந்திரனும் கேக்கறாரு. மழைங்குது, அறுப்புங்குது, கேமரா இல்லங்குது. உங்ககிட்டதான் கேமரா இருக்கே, நாளைக்குப் போயிடுவோம். ராஜேந்திரனுக்கும் சொல்லிடறேன்."

மறுநாள் அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். இரண்டு பக்கமும் பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. தூரத்தில் ஒரு செல்போன் டவர் தெரிந்தது.

"அட, புதுசா இருக்கே" என்றார் பாய். "எந்தப் பய வயல்லயோ. நம்ம கட்டுரையைப் படிக்காத பய."

கொஞ்ச தூரம் போனதும், "நம்ம போற பக்கம்தான் இருக்கும்போல" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒன்றும் பேசவில்லை. மொபெட் வேகம் குறைந்துகொண்டே வந்து டவரின் காலடியில் வந்து நின்றது. அங்கே ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பாயைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"கலாவதி" என்றார் பாய், டவரின் உச்சியைப் பார்த்தபடி. "இது யாரு வயலும்மா?"

"என் வயலுங்க பாய். எங்கப்பா எனக்குக் குடுத்தது. பட்டா என் பேருல. மேற்கு மூலைய மட்டும் டவருக்கு விட்டேன், மிச்சமெல்லாம் நெல்லுதான்." பிறகு மொபெட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

வீட்டுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். நான் ஏதோ வாடகைக்கு ஆசைப்பட்டுச் செய்த காரியம் என்று நினைத்திருந்தேன். காரணம் அதுவாக இல்லை.

"முன்னல்லாம் இந்த ஊர்ல எங்கயும் சிக்னலு கெடையாதுங்க. வாய்க்கா மதகு மேல ஏறி நின்னாத்தான் எடுக்கும். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்னைக்குத்தான் பேசுவாரு. நான் மதகு மேல நிப்பேன், கீழ ஊரே குளிக்கும். சிக்னலு விட்டு விட்டு வரும், கத்தித்தான் பேசணும். 'நல்லாருக்கீங்களா'ன்னு நான் இங்கேர்ந்து கேட்டா, குளிக்கிறவன் 'நல்லாருக்கோம்'ங்கறான். புருசன் பொண்டாட்டி ஒரு வார்த்தை தனியா பேச வேணாமா? சொல்லுங்க மேடம்!"

என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

"டவர் கம்பெனிக்காரன் எடம் கேட்டு வந்தான். ஒருத்தரும் குடுக்கல. நான் குடுத்துட்டேன். இப்ப நான் அடுப்பங்கரையில நின்னா அவரு குரலு அடுப்பங்கரையில கேக்குது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "டவரு வந்த மாசமே அந்தக் கட்டுரைய எழுதினாரு. யாரோ கேட்டிருக்கான், உங்க வயல்லயே டவரு வந்தா என்ன செய்வீங்கன்னு. அன்னைக்கே பேனாவ கீழ வச்சுடுவேன்னு பதில் போட்டிருக்காராம். அந்த எழுத்து ஒண்ணுதாங்க அவருக்கு அங்க. கேம்ப்புல கூட இருக்கறவங்கல்லாம் எழுத்தாளர், எழுத்தாளர்னு கூப்புடுறாங்களாம். இது தெரிஞ்சா சிரிப்பாங்க. அவரு எழுதறத விட்டுடுவாரு. அப்புறம் அந்த மனுசன் அங்க லாரிய மட்டும் ஓட்டிக்கிட்டு எப்படி இருப்பாரு?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் சுவரைப் பார்த்தார்.

விரால் மீன் குழம்பு போட்டார் கலாவதி. காரம் காதுவரைக்கும் ஏறியது. கிள்ளானில் இந்தக் குழம்புக்குத் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கெடுத்திருப்போம். பாதிச் சாப்பாட்டில் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது. கலாவதி கை நிறையச் சோறு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டார். கத்தாரிலிருந்து வந்த குரல் வீட்டையே நிறைத்தது.

"பாய் வந்துட்டாரா? போட்டோ எடுத்தாச்சா? பயிரு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. சாப்புட்டுட்டுதான் எடுக்கப்போறாங்க."

"ஏன் கலா, இப்பல்லாம் உன் குரலு பக்கத்து ரூம்லேர்ந்து வர்ற மாதிரி இருக்கே?"

"காத்து அந்தப் பக்கமா அடிக்குது."

நாங்கள் மூவரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சிட்டுக்குருவி இருக்கா? டவரு வச்ச ஊர்லல்லாம் குருவி போயிடுச்சாம்."

"இருக்குங்க. கூடுகூடக் கட்டியிருக்கு."

"எங்க?"

கலாவதி என்னைப் பார்த்தார். "நல்ல உசரத்துல" என்றார். உண்மைதான். டவரின் மூன்றாவது குறுக்குக் கம்பியில் நானே பார்த்தேன்.

கை கழுவும்போது பாய் முடிவுக்கு வந்துவிட்டார். "மேடம், இது பத்திரிகை. நான் உண்மையத்தான் போடுவேன். ஆனா எந்தப் பக்கத்து உண்மையப் போடறதுங்கறது ஆசிரியர் உரிமை. வயலுக்கு நாலு பக்கம் இருக்கு. டவரு ஒரு மூலையிலதான் இருக்கு."

சாயங்காலம் வேலை தொடங்கியது. கிழக்கே நின்று எடுத்தால் டவர் நட்டநடுவில் வருகிறது. தெற்கே நின்றால் பாதி வருகிறது. ஒரே வழி, டவரின் காலடியிலேயே நின்று, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து எடுப்பது. விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் வரப்பில் கூடிவிட்டார்கள். அந்த டவரால் பேசுகிறவர்கள்தானே அத்தனை பேரும். ஒருவர் கம்பெனியின் எச்சரிக்கைப் பலகைமேல் தன் துண்டைப் போட்டு மூடினார். இன்னொருவர் கொக்கு வேண்டுமா என்று கேட்டு, வயலுக்குள் இறங்கிக் கொக்குகளை எங்கள் பக்கம் விரட்டினார். அவை எதிர்ப் பக்கம் பறந்தன.

நான் கேமராவை எடுத்தேன். "குடுங்க மேடம், நம்மூரு வெளிச்சம் உங்களுக்குப் பிடிபடாது" என்று பாய் வாங்கிக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் மனிதர் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பழகியவர். நிழல் விஷயத்தில் கறாராக இருந்தார். வெயில் முதுகில் அடித்ததால் அவர் நிழல் நெற்பயிர்மேல் நீளமாக விழுந்தது. "ஆளு நிழலு விழுந்தா படம் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இடமும் வலமுமாக நகர்ந்து, கடைசியில் தன் நிழல் விழாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து நின்றுகொண்டார். கலாவதி வரப்பில் நிற்க, படம் எடுத்தாயிற்று. கேமராத் திரையில் பெருவிரல் அளவுக்குப் பார்த்தோம். பச்சை வயல், சிவப்புப் புடவை, ஓரத்தில் பிடிவாதமான ஒரு கொக்கு. டவர் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். கிளம்பும்போது கலாவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மொகத்தப் பாத்தா நன்னிலத்து ஆளு மாதிரியே இருக்கு மேடம்" என்றார். அந்த ஒரு ஊருக்கு மட்டும் நான் மறுப்புச் சொல்லவில்லை.

கிள்ளானுக்குத் திரும்பிய மறு வாரம் ஆண்டுவிழா இதழ் வந்தது. அம்மாவுக்குக் காட்டலாம் என்று படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன்.

வயலின் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், அடி அகன்று நுனி ஒடுங்கிய ஒரு கறுப்பு நிழல் நீட்டிப் படுத்திருந்தது. பாய் தன் நிழல் விழாத இடம் என்று எங்கே நின்றார் தெரியுமா? டவரின் நிழலுக்குள்.

கீழே கருத்துப் பகுதிக்குப் போனேன். முதல் ஆள் லண்டனிலிருந்து எழுதியிருந்தார்: "ஆஹா! பச்சை வயலில் கோபுர நிழல்! கண்ணீர் வந்துவிட்டது." அடுத்தவர் சிங்கப்பூர்: "பார்த்தவுடனே சிலிர்த்தது. இது சிவன் கோயில் கோபுரம்." மூன்றாவது ஆள், அது பெருமாள் கோயிலாகத்தான் இருக்கவேண்டும் என்றார். நான்காமவர் அது தாராசுரம் என்றார். தாராசுரத்து நிழல் அங்கே விழவேண்டுமானால் சூரியன் தரையில் உருளவேண்டும். அதற்குக் கீழே பெரிய சண்டை.

பாய்க்குப் போன் போட்டேன். "பாத்தீங்களா மேடம், இவ்ளோ கருத்து வந்ததே இல்ல!" என்று குதித்தார். நிழல் என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "யா அல்லாஹ்" என்றார். உலகமே ஏமாறலாம். அந்தத் திசையில் கோயிலே கிடையாது என்று தெரிந்த ஒரே வாசகர் கத்தாரில் இருக்கிறார்.

கலாவதியைக் கூப்பிட்டேன். "நேத்து வெள்ளிக்கிழமைங்க. போனு வரல. நானா கூப்புட்டேன், எடுக்கல. வெள்ளிக்கிழமை தவறினதே இல்லைங்க மேடம்" என்றார். மதகில் நின்று கத்திய காலத்தில்கூடத் தவறியதில்லை. மண்ணைப் பற்றி, குரலைப் பற்றி, அடையாளத்தைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பக்கங்களை எல்லாம் கிழித்துப் போடலாம் போல இருந்தது. ஒரு பெண் வீட்டுக்குள் நின்று பேச ஆசைப்பட்டதற்கு இவ்வளவா?

மறுநாள் காலை தளத்தைத் திறந்தேன். சிவனா பெருமாளா சண்டைக்கு அடியில் ஒரு புதிய கருத்து. பெயர்: களத்துமேட்டுக்காரன்.

"கோபுரம்தான். ஆனால் தாராசுரம் இல்லை. எங்கள் ஊரில் புதிதாக எழுப்பியது. எழுப்பியவர் என் மனைவி. வீண் சண்டை வேண்டாம். அடுத்த வாரக் கட்டுரை வழக்கம்போல் வரும்."

லண்டன்காரர் உடனே கேட்டிருந்தார்: "என்ன சாமி ஐயா?"

அதற்கும் பதில் இருந்தது: "பேர் தெரியாது. ஆனால் பேசுகிற சாமி."

கலாவதிக்குச் சொல்லவேண்டும் என்று அழைத்தேன். வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. அம்மா போட்ட தேநீரைக் குடித்துவிட்டு மறுபடி அழைத்தேன். அப்போதும் வேறு அழைப்பில்தான் இருந்தார்.